பஸ்ஸுக்குள் ஒரு கேள்வி

டாக்டர்,

இன்று காலை பொன்னமராவதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா முழங்காலில் வலித்தைலம் தேய்த்தார். அந்த வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுக்கோட்டையில் உங்கள் பிசியோதெரபி அறை முழுக்க அந்த வாசனைதானே! உடனே உங்களுக்கு எழுதியாக வேண்டும்போல ஒரு பரபரப்பு. பஸ் ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறந்தாங்கி சாலையில் நான் வந்த பஸ் கவிழ்ந்த பிறகு, உடைந்த தோளோடு உங்களிடம் வந்தேன். என்னைவிட மிகவும் இளையவர் நீங்கள். தோளைச் சரிசெய்துவிட்டீர்கள். ஆனால் பஸ்ஸைக் கண்டாலே பயந்து ஒதுங்கிவிடுவேன். பொன்னமராவதிப் பக்கம் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தபோதுகூட, தினமும் பஸ் ஏற வேண்டுமே என்று மறுத்துவிட்டேன்.

"தோளு சரியாயிருச்சுக்கா. நீங்கதான் இன்னும் அந்த பஸ்ஸுக்குள்ளயே இருக்கீங்க" என்றீர்கள்.

மலையில் ஒரு ஜென் மையத்தில் பல வருடம் தியானம் பழகியவர் நீங்கள் என்று அன்றுதான் சொன்னீர்கள். மாடியில் வெற்றுச் சுவரைப் பார்த்து என்னை உட்காரவைத்தீர்கள். மூச்சைப் பத்து வரை எண்ண வேண்டும், விட்டுப்போனால் ஒன்றிலிருந்து. எனக்கு மூன்றைத் தாண்டவில்லை. அதற்குள் மனம் அடுப்பை அணைத்தோமா என்று ஓடிவிடும். அழாத குறையாகச் சொன்னேன். நீங்களோ குதூகலமாகிவிட்டீர்கள். "விட்டது தெரிஞ்சுச்சுல்ல? அதுதாங்க்கா வேலையே!"

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "பயப்படுறது யாரு? பதிலோட வாங்க."

"நான்தான்" என்றேன். சிறு மணியை அடித்தீர்கள்; இந்தப் பதில் போதாது, போய் வாங்க என்று அர்த்தம். அன்றைய சந்திப்பு முடிந்தது. அடுத்த வாரம் "மனசு" என்றேன். மணி. "ஒடம்பு." மணி. அந்த மணியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாமா என்றிருந்தது எனக்கு.

ஒருநாள், "வாங்க, திருவரங்குளம் வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்று கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். கம்பியை விரல் வலிக்கப் பற்றிக்கொண்டேன். எதிரே லாரி. எங்கள் டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். அந்த நேரம் பார்த்துக் காதருகில் கேட்டீர்கள்: "யாருக்கா பயப்படுறா?"

தேடினேன். ஹாரன் இருந்தது, காற்று இருந்தது, மூச்சு இருந்தது. வேறு யாரும் அகப்படவில்லை.

"பாம்ம்ம்!" என்று ஹாரனோடு சேர்ந்து கத்தினேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என்னக்கா, என்னாச்சு?" என்று கண்டக்டர் ஓடி வந்தார். எனக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். நீங்கள் நிதானமாக, "இதுக்கு மணி அடிக்க மாட்டேன். டிக்கெட் எடுங்க" என்றீர்கள்.

நோய் முற்றித் திருச்சி ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது தனியாக வந்தேன். "எப்படி வந்தீங்க?" என்றீர்கள். "பஸ்லதான்" என்றதும் உங்கள் முகம் மலர்ந்ததே, அதற்காக இன்னும் எத்தனை பஸ் வேண்டுமானாலும் ஏறுவேன். சேர்ந்து மூச்சை எண்ணினோம். நாலில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. "விட்டுட்டேன்க்கா" என்று சிரித்தீர்கள். "ஒண்ணுலேர்ந்து வாங்க" என்றேன். நீங்கள் கண்மூடுவதற்கு முன் நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

பதவி உயர்வு மறுபடி வந்தது, டாக்டர். வாங்கிக்கொண்டேன். இன்றுதான் பணியில் சேரப் போகிறேன்! புதுச்சேலை கட்டியிருக்கிறேன்.

பயம் போயிருச்சா என்று வீட்டில் கேட்கிறார்கள். இல்லை. வளைவுகளில் வரும், கொஞ்ச தூரம் கூடவே இருக்கும், போகும். நான் மட்டும் பாதியில் இறங்குவதில்லை.