கருகியதாக எழுதிய ரொட்டிகள்

என் பிடிவாதக்கார மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அம்மாவுக்கு என்னைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ சுகமாக இல்லை என்று நீ அனுப்பிய நீளமான செய்தியே சொல்லிவிட்டது, அதனால் அதைத் தனியாகக் கேட்கவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "அப்பா மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தபால் ஆபீஸ் கடிகாரத்தில் இடி விழுந்து முள் நின்றுபோனதும், ஆற்றுப் பாலத்தில் சர்க்கரை லாரி கவிழ்ந்து ஊரே சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், உன் பெரியப்பா பழைய பல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் புதுப் பல் கட்டிக்கொண்டு சாவு வீட்டில்கூடச் சிரித்துக்கொண்டே திரிந்ததும் ஒரே வருஷம். அந்த வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது, எண் தெரிந்தவர்களுக்கு அந்த வருஷத்தில் நடந்தது எதுவும் ஞாபகமில்லை. நான் அடுப்பில் துடுப்புப் பிடித்துக்கொண்டிருந்த ரொட்டிக் கம்பெனிக்குக் கோட்டு என்கிறவர் வந்து சேர்ந்தது அந்த வருஷம்தான். அவர் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் முதலில் உன் கதையைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று நீயே பார்.

நீ இருப்பது பஸ் கம்பெனியில். ஏறுகிற இறங்குகிற ஜனங்களின் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டு எந்த பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது உன் வேலை, அதற்குப் பெயர் டேட்டா சயின்டிஸ்ட். ஆஸ்பத்திரிப் பின்வாசல் நிறுத்தத்தில் காலையில் ஒரு டிக்கெட்கூட விழவில்லை என்று கணக்குச் சொன்னது, அந்த நிறுத்தம் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்தாய், எடுத்துவிட்டார்கள், மறுநாளே வேலை முடிந்து வந்த நர்சுகளெல்லாம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் உன்னை வாங்கு வாங்கென்று வாங்கினார், டிரைவர்கள் உனக்கு சைபர் மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். சைபர் டிக்கெட் என்று எழுதிக் கொடுத்தவளுக்கு நல்ல பேர்தான், நான்கூடச் சிரித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான், யாருக்கும் உயிர் போகவில்லை. இதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியம் என்னவென்றால் இந்த மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டு இன்னொரு படிப்பில் சேர்வது. அடடா, என்ன மூளை. உன் அறைச் சுவரைப் படத்தில் பார்த்தேனே, வெள்ளையடிக்கவே இடமில்லாமல் சர்டிபிகேட் தொங்குகிறது, இனி மேலே சீலிங்கில்தான் மாட்ட வேண்டும், படுத்துக்கொண்டே பார்த்து ஆறுதல் அடையலாம். உன் சித்தப்பா வேறு "இந்தக் காலத்துல படிச்சுக்கிட்டே இருக்கணும்மா" என்று உனக்கு ஏற்றிவிடுகிறாராம். சொல்கிறவர் யார், வேலை என்ற பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர். நம் எதிர்வீட்டுத் தையல்காரர் மகனும் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்தே டேட்டா சயின்டிஸ்ட் ஆகிவிட்டான், வாசலில் போர்டுகூட மாட்டியாகிவிட்டது, மழை வந்தால் குடை எங்கே இருக்கிறது என்று அவன் அம்மாவைத்தான் கேட்கிறான். நீயும் அந்த வரிசையில் போய் நிற்கப் போகிறாய் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, போர்டு எழுத நல்ல பெயின்டர் ஒருவரைத் தெரியும்.

இப்போது கோட்டு. எங்கள் அடுப்பறையில் மாவு தகரங்களில் வரும், நான் நீட்டுத் துடுப்பால் உள்ளே தள்ளி வெந்ததை வெளியே இழுப்பேன், மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பார், அவர் நிற்பதற்குப் பெயர் அனுபவம். சட்டையில் படிந்த மாவையெல்லாம் அனுபவத்தில் சேர்த்துக்கொள்கிற ஆள் அவர். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை, அதில் மூன்று கட்டம், வெந்தது, வண்டியில் போனது, கருகியது. அந்தப் பலகையில் எழுத ஒரு பெண் இருந்தாள், காதுக்கு மேல் எப்போதும் ஒரு சாக்பீஸைச் செருகியிருப்பாள், அதனால் அவள் பேரே சாக்பீஸ். கையில்தான் சாக்பீஸ், வாயில் ரம்பம். இந்தப் பேரைச் சொன்னதும் இங்கே பேனா நின்றுவிட்டது, உன் அம்மா முறைக்கிறாள். எழுது, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் முதலாளி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுக்க மாட்டார், "வேணும்னா கடையில வாங்கித் தின்னு" என்பார். அதனால் வார லீவுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு ரொட்டி தோள் துண்டுக்குள் சுருண்டு வீட்டுக்குப் போகும், மேஸ்திரிக்கு மட்டும் மாமியார் வீட்டுக்கும் சேர்த்து. போன ரொட்டியெல்லாம் பலகையில் கருகியது என்ற கட்டத்தில் ஏறும். நான் சேர்வதற்கு முன்பிருந்தே நடந்துவந்த வழக்கம் அது, எங்களில் யாருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை, முதலாளிக்குத் தோன்றியிருக்கும், அவருக்குத்தான் தெரியாதே.

கோட்டு பெரிய காலேஜில் புள்ளியியல் படித்தவர், எந்த நாள் எவ்வளவு சுட வேண்டும், எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்க முதலாளி கூட்டிவந்தார். டேட்டா சயின்டிஸ்ட் என்ற வார்த்தை அப்போது எங்கள் காதில் விழவில்லை, வேலை அதேதான். அடுப்பறை அனலிலும் கோட்டைக் கழற்றாமல் வந்து நிற்பார், பார்ப்பதற்கு அவரும் உள்ளே வெந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வார், மாடிக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் கோடு இழுப்பார். கொஞ்ச நாளில் அந்தத் தாளில் மலை முளைத்தது. வாராவாரம் லீவுக்கு முந்தின நாள் கருகியது மட்டும் கிடுகிடுவென்று ஏறுகிறது, லீவு முடிந்ததும் இறங்கிவிடுகிறது. முதலாளியைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டி, வாரம் முழுக்க அணையாமல் எரிவதால் செங்கல்லுக்குள் சூடு சேர்ந்துபோய்க் கடைசி நாளில் தீய்க்கிறது, அடுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பார், பொய் என்று யாரால் சொல்ல முடியும். முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு "ஆமாங்க, கடைசி நாள் கொஞ்சம் முரண்டு பண்ணும்" என்றார். பிறகு நாங்கள் எல்லோரும் அடுப்புக்கு முரட்டுக் குணம் என்று சாட்சி சொன்னோம், சாக்பீஸ் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினாள். அடுப்பை அணைத்தார்கள், கொத்தனார் வந்து வளைவைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு கல்லாகத் தட்டினார், வெளியே வந்து "இதுக்கு என்னய்யா நோவு, என்னைவிட நல்லா இருக்கு" என்றார். ஆனால் பிரித்ததைத் திரும்பக் கட்டினபோது வளைவு விரிசல் விட்டது, மறுபடி பிரித்து மறுபடி கட்டி, அது காய்வதற்குள் மூலையில் இருந்த இன்னொரு ரொட்டிக் கடைக்காரன் எங்கள் வாடிக்கையையெல்லாம் அள்ளிக்கொண்டான். அடுப்பு எரியாத நாளுக்குக் கூலி கிடையாது. ஓசி ரொட்டிக்காக வாயை மூடிக்கொண்டிருந்த நாங்கள் ரொட்டியே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தோம், எங்கள் சாமர்த்தியத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுப்பு மூட்டின முதல் வாரமே, லீவுக்கு முந்தின நாள், மலை பழையபடி எழுந்து நின்றது. முதலாளி கரும்பலகைக்கு முன்னாலேயே கோட்டைப் பிடித்துக் கத்தினார், "உன் படிப்பைக் கொண்டு போய் அடுப்புல போடு, அதாவது எரியுதான்னு பாப்போம்" என்றார். நாங்கள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை, உனக்கும் உன் டிரைவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லையே, அதே மாதிரி. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேஸ்திரி "என்ன சார் கிளம்பிட்டீங்க" என்று பாசமாகக் கேட்டார். "என் படிப்பு பத்தல, மேல படிக்கப் போறேன்" என்றார் கோட்டு. சாக்பீஸ் பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "போங்க போங்க, மாடியில ஒக்காந்து எவ்வளவு வேணும்னாலும் படிக்கலாம், கீழ வந்து நின்னாத்தான் கால் சுடும்" என்றாள். அந்த மனிதர் முகம் சுண்டிப்போனது. பெட்டியோடு வெளியே போனார், தொலைந்தார் என்று நினைத்தோம். அடுத்த நாள் விடியும்போது வந்து நின்றார், கோட்டு இல்லை, பெட்டி இல்லை, பழைய சட்டை.

அந்த மழைக்காலம் முழுக்க எங்களோடு தகரம் தூக்கினார். கையைச் சுட்டுக்கொண்டார், மாவைக் கவிழ்த்துக் கொட்டினார், மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினார், மாடிக்கும் போனார், தாளையும் விடவில்லை. ஒரு லீவுக்கு முந்தின நாள் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். கருகின வாடையே இல்லை, பலகையில் மட்டும் மலை. சாக்பீஸிடம் போய் "கருகினது ஒண்ணு காட்டுங்க, பாக்கணும்" என்றார். அவள் "கருகினதை யாரு வெச்சிருப்பா, தின்னாச்சு" என்றாள். இவர் சிரித்துவிட்டார், புரிந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. நேராக முதலாளியிடம் போவார், இன்றோடு நம் கதை முடிந்தது என்று நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டேன். அவர் போகவில்லை. "சரி, நிஜமாவே கருகுதே, அதை எங்க எழுதறீங்க" என்று கேட்டார். சாக்பீஸ் காதுக்கு மேலிருந்த சாக்பீஸை எடுத்தாள், எந்தக் கட்டத்தில் வைப்பது என்று பலகையைத் தேடினாள். நிஜமாகக் கருகினதும் அதே கட்டத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தது, எது எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "நிஜத்தை எழுதினா இவங்க வேலை போகுமா" என்று கேட்டாள். "போகாம பாத்துக்கறேன்" என்றார். முதலாளியிடம் என்ன பேசினாரோ, அடுப்பு பிரித்ததில் போன நஷ்டத்தைத் தாளில் போட்டுக் காட்டியிருப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு முதலாளி வாரத்துக்கு ஆளுக்கொரு ரொட்டி என்று ஒப்புக்கொண்டார். பலகையில் நாலாவது கட்டம் வந்தது, வீட்டுக்கு என்று. அதற்குப் பிறகுதான் கருகியது என்ற கட்டம் உண்மை பேசியது. கோட்டு மறுபடி கோடு இழுத்தார், கருகுவது லீவு நாளைப் பார்த்து இல்லை, மழையைப் பார்த்து என்று தெரிந்தது, விறகு நனைந்த நாளில் எரியவில்லை என்று நாங்கள் மேலும் மேலும் திணிப்போம், எல்லாம் சேர்ந்து பற்றிக்கொண்டதும் தீய்த்துவிடும். விறகுக்கு ஒரு கூரை போடச் சொன்னார், போட்டதும் கருகுவது நின்றுவிட்டது. மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எத்தனையோ மழை பார்த்தவர், அவர் கண்ணில் அது பட்டதே இல்லை. அதனால் படிப்பு வேண்டாம் என்று நான் சொன்னதாக உன் சித்தப்பாவிடம் போய்ச் சொல்லாதே, அந்தக் கட்டம் போட்ட தாள் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் ஈர விறகைத் திணித்துக்கொண்டிருப்போம். நான் சொல்வது, உன் தாள் மாடியில் இருக்கிறது, எண் பிறக்கிற இடம் கீழே இருக்கிறது, நடுவில் இருக்கும் படியில் இறங்க உனக்குக் கால் கூசுகிறது, அதை மறைக்க இன்னொரு சர்டிபிகேட் கேட்கிறாய்.

அந்தப் பின்வாசல் நிறுத்தத்தில் ஏன் டிக்கெட் விழவில்லை, எனக்குத் தெரியாது. நான் அந்த பஸ்ஸில் ஏறினதில்லை. வெட்கக்கேடு என்னவென்றால் நீயும் ஏறினதில்லை. ராஜினாமாக் காகிதத்தைத் தொடுவதற்கு முன் காலையில் எழுந்து அந்த பஸ்ஸில் போய் உட்கார். சைபர் மேடம் வந்திருக்காங்க என்று டிரைவர் கிண்டல் பண்ணினால் பண்ணட்டும், சிரித்துவிட்டு உட்கார், நாலு நாள் போனால் அவனே பேசுவான். அவன் சொல்வதைக் கேட்டதும் மேனேஜரிடம் ஓடாதே, யார் வயிற்றில் அடிக்கும் என்று முதலில் யோசி, பிறகு தாளை எடு. அதற்குப் பிறகும் உனக்குப் போகத்தான் தோன்றினால் போ, நான் தடுக்கவில்லை, குறைந்தபட்சம் எதை விட்டுப் போகிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

மற்றபடி செய்தி ஒன்றுமில்லை. உன் அண்ணன் மாடிக் குழாயைச் சரிசெய்கிறேன் என்று கீழ்வீட்டுச் சமையலறையை நனைத்துவிட்டான். அங்கே குளிர் என்று சொன்னாயே, அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று பெட்டியில் வைக்காதே, காலை பஸ்ஸில் யாரும் அழகு பார்க்கப் போவதில்லை. நீ நன்றாக இருப்பாய், உன் கையில் எடுத்தது விளங்கும், அப்பா வாயால் சொன்னால் பலிக்கும், திட்டினதை மட்டும் கணக்கில் சேர்க்காதே.

அந்த அடுப்பறை இப்போது கார் கழுவுகிற இடமாகிவிட்டது. மேஸ்திரி போய்விட்டார், கடைசிவரை இடுப்பில் கைவைத்துக்கொண்டுதான் இருந்தார். கொத்தனார் போய்விட்டார், முதலாளி போய்விட்டார். கோட்டு பெரிய பெரிய மில்களுக்கெல்லாம் போய்ப் பேர் வாங்கினார், எப்போது வந்தாலும் கையில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டி இதுதான் என் கடைசி சர்டிபிகேட் என்பார், போன மழையில் அவரும் போய்விட்டார். என்னைத் தவிர அங்கே இருந்தவர்களில் இன்னும் மூச்சோடு இருப்பது சாக்பீஸ் ஒருத்திதான். பெட்டியோடு இறங்கினவரைக் கால் சுடும் என்று சொல்லியே நிறுத்தினவள், உனக்கு மட்டும் ஃபோனில் "கஷ்டமா இருந்தா வந்துடுடி" என்று ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். ரொட்டி சுற்றிக் கட்டுகிற வேலை பார்த்ததாகத்தானே உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள், நான் சொன்னதில் பொய் இருந்தால் அவளையே கேள்.

இப்படிக்கு,
கைநாட்டு வைத்த அப்பா

எழுதிக் கொடுத்தவள்: சாக்பீஸ், உன் அம்மா