பதினான்கு மரங்களுக்கு அப்பால்

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
பெரிய வியாழனுக்கு முந்திய செவ்வாய், 1980

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் கொன்ஸ்ரன்ஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். கடல் நடுவே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மனம் எப்படி இருக்கிறது என்பதைக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன். இதை நான் தபாலில் போடவில்லை. மாசிக் கருவாடு வாங்க மாலைதீவுக்கு வரும் பௌஸி நானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கொம்பனி ஆட்கள் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “நீங்க யோசிக்க வாணாம் தங்கச்சி, அவர்ட கையிலயே குடுக்குறன்” என்றார்.

மரியகொறற்றிக்குக் கணக்கில் எண்பத்தாறு புள்ளி. ஆனால் ஏழு எழுதும்போதெல்லாம் நடுவே குறுக்காக ஒரு கோடு இழுக்கிறாள். வேண்டாம் என்று சொன்ன ரீச்சரிடம், அப்பா அப்படித்தான் எழுதுவார், அப்பா சேர்வேயர், அவருக்குத் தெரியாதா என்று வாதாடியிருக்கிறாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு முறைப்பாடு சொன்னார். இந்தப் பிடிவாதம் எந்த வீட்டுச் சொத்து என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் உங்கள் அக்காவைக் கண்டேன். தம்பி எழுதுவதே இல்லை என்று மூக்கைச் சிந்தினார். எனக்கு வரும் ஒரு கடிதத்திலும் பாதி கடலின் நிறத்தைப் பற்றித்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

என்னோடு கொன்வென்ரில் படித்த பிறிஜெற்றை உங்களுக்குத் தெரியும். நம் கல்யாணத்துக்குப் பாட்டுப் பாடியவள். அவள் இப்போது அவிசாவளைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தோட்டத்துக்குப் பின்னால் மலைச் சரிவு முழுக்கப் பழங்காடு. அதை வெட்டி உல்லாசப் பயணிகளுக்கு நாற்பது விடுமுறை வீடுகளும் ஒரு நீச்சல் தடாகமும் கட்டப்போகிறார்கள் என்று தை மாதம் எழுதியிருந்தாள். ஊர்ச் சனமும் அவளுமாகச் சேர்ந்து கையெழுத்து வாங்குகிறார்கள், மனு எழுதுகிறார்கள், அரசாங்கக் கச்சேரிப் படிகளில் காத்துக் கிடக்கிறார்கள். அங்கே பெரிய மரம் ஒன்றுமில்லை, வெறும் பற்றைதான் என்று கொழும்புக் கொம்பனி ஒன்று கச்சேரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறதாம். புதுவருசம் கழிந்த புதன்கிழமை விசாரணை. எந்தக் கொம்பனி என்று நான் அப்போது கேட்கவில்லை.

டவுன் ஆட்கள் வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போய் நாலு பேருக்குச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று அவள் கேட்டாள். தபசு காலத்தில் எங்கள் கோயில் மரியாயின் சேனைப் பெண்கள் எங்காவது வெளியிடத்துக்குப் போய், பதினான்கு ஸ்தலங்களில் நின்று செபித்துச் சிலுவைப்பாதை செய்வது வழக்கம்தானே. சேனைத் தலைவி றோஸி மாமியிடம் நல்ல அமைதியான இடம் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். காடு, கொம்பனி, கச்சேரி என்று சொல்லியிருந்தால் மாமி பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார். இது என் கள்ளத்தனம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

மூன்று சனிக்கிழமைக்கு முன் இருபத்திமூன்று பெண்கள் பஸ் பிடித்துப் போனோம். பங்குச் சுவாமிக்குக் காய்ச்சல், வரவில்லை. ஓடைக்கரையில் நிற்பதாகச் சொன்ன பிறிஜெற்றையும் காணவில்லை. கிராமசேவகர் வீட்டில் கையெழுத்து வாங்கப் போனவள் மாட்டிக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமிக்குக் காத்திருக்கத் தெரியாது. செபப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டி நடந்துவிட்டார். நாங்களும் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம்.

அத்தான், அந்த இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெளியே பன்னிரண்டு மணி வெயில். உள்ளே பத்தடி வைத்ததும் விடியற்காலைக் கோயில் மாதிரி இருட்டும் குளிருமாக இருந்தது. பஸ்ஸில் வாய் மூடாமல் வந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் மரத்தின் அடியில் நின்று மேலே பார்த்தேன். கழுத்து வலிக்கும்வரை பார்த்தும் கிளை தொடங்கும் இடம் தெரியவில்லை. ஹொர மரம் என்று சிங்களத்தில் சொல்கிறார்கள். மேலேயிருந்து இரண்டு சிவப்புச் சிறகு முளைத்த காய்கள் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று நிலத்தைத் தொடுவதற்குள் ஓர் அருள்நிறைந்த மந்திரம் சொல்லி முடித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. திவ்விய நற்கருணைக்கு முன் முழந்தாளிடும்போது வருகிற பயம்தான் அது. நாங்கள் பிறப்பதற்கு முன்னால், போர்த்துக்கேயர் வருவதற்கு முன்னால், நம்மவர் சிலுவை என்ற ஒன்றைக் காண்பதற்கு முன்னாலேயே இது இங்கே நின்றிருக்கிறது.

அந்த மரத்தில் வெள்ளைப் பெயின்றில் ஒரு சிலுவை. அதன் கீழே ஒன்று என்று இலக்கம். இருபது அடி தள்ளி அடுத்த மரத்தில் சிலுவை, இரண்டு. அதற்கப்பால் மூன்று. றோஸி மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்கோ பிள்ளையள், காட்டுக்குள்ள இருக்கிற சனத்துக்கு எவ்வளவு பக்தி! எங்களுக்கெண்டு ஸ்தலமெல்லாம் ஆயத்தம் பண்ணி வச்சிருக்குதுகள்” என்றார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சிலுவையும் கீழே இலக்கமும் இருந்தால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? சேற்றில் முழந்தாளிட்டோம். ஒவ்வொரு மரத்தடியிலும் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொன்னோம். பாட்டுப் பாடினால் அந்த மரங்களுக்கிடையில் சத்தம் எதிரொலிக்காமல் அப்படியே உள்ளே போய்விடுகிறது. யாரோ வாங்கி வைத்துக்கொள்வது போல இருந்தது. என் வாழ்நாளில் அப்படிச் செபித்ததில்லை.

ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற ஏழாம் ஸ்தலத்தில் தலையை நிமிர்த்தினேன். ஏழுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு. யாரோ உங்களைப் போல பிரதர்மாரிடம் படித்தவர் எழுதியிருக்கிறார் என்று நினைத்துச் சிரிப்புக்கூட வந்தது.

பதினான்காம் ஸ்தலத்தில் ஆண்டவரைக் கல்லறையில் வைத்துவிட்டு மாமி புத்தகத்தை மூடினார். நான் எழுந்து சீலையில் சேற்றைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். முன்னால் நின்ற மரத்தில் சிலுவை, பதினைந்து. அதற்கு அப்பால் பதினாறு. பதினேழு, நடுவே கோடு. கால் தன்பாட்டில் நடந்தது. இருபத்தேழு, நடுவே கோடு. சரிவு முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, வெள்ளைச் சிலுவைகள்.

அப்போதுதான் பிறிஜெற் மூச்சு வாங்க ஓடி வந்தாள். எரியும் திரிகளையும் பூவையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். “கொன்ஸி, இது ஸ்தலம் இல்லையடி. வெட்டுறதுக்குக் குறிச்ச மரங்கள்” என்றாள். றோஸி மாமி வேர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப நாங்கள் செய்தது பாவமோ புண்ணியமோ?” என்று கேட்டார். நான் கொம்பனியின் பெயரைக் கேட்டேன். அவள் சொன்னாள். உங்கள் நியமனக் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் அதே பெயர்.

கார்த்திகை மாதம் நீங்கள் ஒரு கிழமை வெளி வேலைக்குப் போய் வந்தீர்களே, அது எனக்கு அங்கேயே நினைவுக்கு வந்தது. குசினிப் படியில் குந்தியிருந்து மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்தீர்கள். என்ன பெயின்ற் என்று கேட்டதற்கு, வேலிக் கட்டைக்கு அடித்தது என்றீர்கள். அடுத்த மாதமே தீவில் பெரிய வேலை என்று கொம்பனி உங்களை அனுப்பியது. நான் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நன்றி சொல்லிப் பெரிய மெழுகுதிரி ஏற்றினேன். அவர் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்!

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அடுத்த திங்கட்கிழமையே கொம்பனி மரம் வெட்ட ஆட்களை அனுப்பியிருக்கிறது. விசாரணைக்கு முன்னால் தரையை வெறுமையாக்கிவிட்டால் பற்றை என்று சொன்னது உண்மையாகிவிடும்தானே. வந்தவர்கள் முகத்துவாரத்தில் மரம் அறுக்கும் மரக்காலை ஆட்கள், நம் வேதக்காரர். அவர்களின் தலைவர் ஹெக்டர் மறுநாள் கொச்சிக்கடைப் பூசைக்கு வந்து றோஸி மாமியிடம் தானே சொன்னார். “ஒவ்வொரு மரத்தடியிலும் பூவும் மெழுகும் கிடந்துது அன்ரி. செபம் சொன்ன மரத்தில வாள் வைக்க என்ர கை வராது எண்டு துரையிட்டச் சொல்லிப்போட்டன்” என்றார். அப்படியென்றால் பதினைந்தாவதிலிருந்து வெட்டு என்று கொம்பனித் துரை சத்தம் போட்டாராம். அந்தப் பதினான்கும்தான் பாதையை மறித்து நிற்கின்றன, அவற்றை விழுத்தாமல் லொறி உள்ளே போகாது என்று சொல்லிவிட்டு, வாள்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அத்தனை பேரும் பஸ் ஏறிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகு மாமியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. இப்போது மனு எழுதுகிறவரே அவர்தான். ஆனால் விசாரணையில் கொம்பனி வென்றால் வேறு ஆட்கள் வருவார்கள். எல்லா ஆட்களும் ஹெக்டர் ஆக மாட்டார்கள்.

நேற்றுப் பௌர்ணமிப் போயா விடுமுறை. நானும் மாமியும் திரும்பவும் போனோம். பொழுது சாயும் நேரம். ஊரிலுள்ள சிங்களப் பெண்கள் வெள்ளைச் சீலை உடுத்து, விகாரையிலிருந்து நேரே காட்டுக்கு வந்திருந்தார்கள். நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து, பதினைந்தாம் மரத்திலிருந்து, ஒவ்வொன்றின் அடியிலும் மண்விளக்கு வைத்துக்கொண்டு போனார்கள். யார் சொல்லிச் செய்கிறீர்கள் என்று ஒரு நோனாவிடம் கேட்டேன். முதல் பதினான்கையும் கொழும்புப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள், மிச்சம் எங்கள் பங்கு என்றார். எண்ணெய் போதாமல் போன மரங்களுக்குப் பூ மட்டும் வைத்தார்கள். நான் விளக்குகளின் பின்னாலேயே கடைசி வரை நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கடைசி இலக்கத்தில் இரண்டின் வாலை நீட்டி இழுத்திருந்தீர்கள். அங்கே ஒரு பாறையும் அதன் கீழே தண்ணீர் விழும் சத்தமும் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். சரிவு முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம், அவற்றின் மேலே முடிவே தெரியாத மரங்கள். நான் எவ்வளவு சின்னவள் என்று அறிந்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா! அழுதேன். மாமியும் அழுதார்.

வரும் வழியெல்லாம் உங்கள்மேல் கோபம். ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்துத்தானே அளவு நாடா சுற்றியிருப்பீர்கள், என்னைப் போலத்தானே மேலே பார்த்திருப்பீர்கள், அப்படிப் பார்த்த மனிதர் எப்படி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றார் என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு நினைவு வந்தது. நீங்கள் தின்னவில்லை. அந்தக் கிழமை முழுக்கச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தீர்கள். சமையல் பிடிக்கவில்லை என்று நான்தான் கோபித்தேன்.

இன்று காலை உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். மடித்து வைத்த களிசான்களுக்கு அடியில் கறுப்பு அட்டை போட்ட வெளிக்களப் புத்தகம். ஒன்று முதல் இருநூற்றுப் பன்னிரண்டு வரை, மரத்தின் பெயர், சுற்றளவு, நின்ற இடம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பற்றிக் சவுந்தரநாயகம் என்று கையெழுத்து. பற்றை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இதை நீங்கள் கொம்பனிக் கந்தோரில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை. ஏன் ஒப்படைக்கவில்லை என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த மாதிரி இருக்கிறது. நான் நினைப்பது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் இப்போது திருஇருதயப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிறிஜெற்றுக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. இது உங்கள் உழைப்பு. உங்களைக் கேட்காமல் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கொடுத்தாலும், இது என் கை எழுதியது, அளந்தது உண்மை என்று நீங்கள் எழுதித் தராவிட்டால் கச்சேரியில் அது வெறும் கொப்பிதான். எழுதித் தந்தால் தீவில் வேலை இருக்காது. அதை நான் யோசிக்காமல் எழுதவில்லை. வேலை போனால் வீட்டுக்கு வாருங்கள். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது. பாணும் சம்பலும் தின்று நாம் முதல் வருசத்தை ஓட்டவில்லையா? அப்போது நீங்கள் இரவில் நன்றாகத் தூங்கினீர்கள்.

பௌஸி நானா அடுத்த திங்கள் திரும்புகிறார். அவர் கையில் ஒரு வரி அனுப்புங்கள். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. இல்லை என்று எழுதினாலும் நான் உங்கள் மனைவிதான். ஆனால் அந்தப் பாறையடியில் நான் பார்த்ததை இனி ஒருநாளும் உங்களோடு பேச முடியாது. அதுதான் எனக்குத் தாங்காது.

நீங்கள் படி இறங்கும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுத்தானே அனுப்புவேன். அதையே இந்தக் காகிதத்தின் அடியில் போட்டிருக்கிறேன். உங்கள் நெற்றியை அதில் ஒருதரம் வையுங்கள். ஆண்டவர் உங்களுக்குத் தைரியம் தருவாராக. உயிர்த்த ஞாயிறு அங்கே தனியாகப் போகாமல் அவரே உங்களோடு இருப்பாராக.

என்றும் உங்கள்,
கொன்ஸ்ரன்ஸ்

✝

பி.கு.: நேற்று ஏழாம் மரத்தை நானும் பிறிஜெற்றும் தையல் நாடாவால் அளந்தோம். நாடா சின்னது, ஐந்து தரம் பிடிக்க வேண்டியிருந்தது. இருபது அடி மூன்று அங்குலம். இன்று காலை உங்கள் புத்தகத்தில் பார்த்தேன். நீங்களும் அப்படியேதான் எழுதியிருக்கிறீர்கள்.