உடையாத அரக்கு

பிப்ரவரி 8, 2026, ஞாயிறு, பகல் 11.40. பொன்னாடைகள் பதினேழு, கேள்விகள் பூஜ்யம்.

அன்புள்ள சசிதரனுக்கு,

நம் தடய அறிவியலாளர் மன்றத்தின் ஆண்டு விழா. தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். டெல்லியில் நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். பதில் போடாதவனை வேறு எப்படி விசாரிப்பது.

நம் ஆய்வகத்து முத்துராஜா மீது நாம் இருவரும் கையெழுத்திட்ட புகாரை மன்றம் ஒழுக்கக் குழுவுக்கு அனுப்பியது. அந்தக் குழுவின் தலைவர் முத்துராஜாவேதான். தன்னைத் தானே விசாரித்து, தவறில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். இன்று அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது.

விஷத்தில் செத்ததாக வந்த சுருளியாண்டியின் குடல், ஈரலோடு, அவற்றை ஊறவைத்த உப்புநீரும் தனிப் பாட்டிலில் வந்தது. அந்த நீரில் விஷம் இல்லை என்று சோதித்த பிறகுதான், குடலில் கண்ட விஷம் உடலிலேயே இருந்தது என்று சொல்லலாம். ஏலத்தோட்டத்துப் பூச்சிமருந்து கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் ஊர் இது. பிணவறை மட்டும் விதிவிலக்கா? 'உப்புநீரில் விஷமில்லை' என்று முத்துராஜா எழுதினார். பாட்டிலின் அரக்கு முத்திரை இன்றும் உடையவில்லை. நீதான் முதலில் பார்த்தாய். அந்த அறிக்கையால் சுருளியாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி, புருஷனைக் கொன்றவளாகச் சிறையில் இருக்கிறாள்.

நம் அறிக்கையைச் சரிபார்க்க நீதிபதிக்கும் தெரியாது, வக்கீலுக்கும் தெரியாது. நம் ஆளை நம் ஆள்தான் கேட்க வேண்டும். மன்றம் அதற்குத்தான். மன்றத் தலைவரிடம் இதைச் சொன்னேன். "எம்புட்டு கேஸ் பாத்த மனுசன். ஒத்தப் பாட்டிலுக்கு அவுக மானத்த வாங்குறீகளே தம்பி" என்றார். பிறகு, "சாப்ட்டுப் போங்க, மட்டன் நல்லாருக்கு" என்றார்.

போன வாய்தாவில் பாண்டீஸ்வரியின் தாய் சோணையம்மாள், "உங்க சங்கத்துல கேப்பாகளாய்யா?" என்றார். கேட்பார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். இனி பார்த்தால், மட்டன் நன்றாக இருந்ததாம் என்று சொல்லவா?

நீ கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாய் என்று மேடையில் அறிவித்தார்கள். கை தட்டினார்கள். நான் நம்பவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். நான் செய்யப்போவது கீழே இருக்கிறது. படித்துவிட்டு முடிவு செய்.

இப்படிக்கு,
சலீம்

1. பந்தியில் உட்காராமல் கிளம்புவது.
2. உறுப்பினர் அட்டையைத் தபாலில் திருப்பி அனுப்புவது.
3. பதினெட்டாம் தேதி பாண்டீஸ்வரி தரப்புச் சாட்சியாகக் கூண்டேறி, அந்தப் பாட்டிலை வேறு ஆய்வகத்தில் திறக்கச் சொல்லிக் கேட்பது.
4. அன்று காலை ஒன்பதரைக்குக் கோர்ட் எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்வது. உனக்குச் சர்க்கரை கம்மி, ஞாபகம் இருக்கிறது.