கிறவலில் இறங்காத கார்

என் அன்பு மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுரில் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்வது நம் வழக்கம்தானே. நீங்கள் மவுத்தான அன்று உங்கள் முகத்தைப் பார்க்க நான் ஏன் வந்து சேரவில்லை என்று உங்கள் ஊர் இறக்காமத்தில் ஆளுக்கொரு கதை கதைக்கிறார்களாம். உண்மையான காரணத்தை உங்களுக்கே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். காரணம் ஒரு பிளாஸ்டிக் தாள்.

என் வீட்டுக்காரர் கார் எடுத்தது உங்களுக்குத் தெரியும். எடுத்த கையோடு கொழும்புக்குக் கொண்டுபோய், அதன் மேலெல்லாம் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் ஒட்டிக்கொண்டு வந்தது தெரியாது. முன்னால் போகிற டிப்பர் லொறியின் சில்லிலிருந்து கல் தெறித்தால் பெயின்ட் பெயர்ந்துவிடும், அந்த இடத்தில் கறள் பிடிக்கும். நம் கடற்கரைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். பிலிம் இருந்தால் அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். சின்னக் கீறல் விழுந்தாலும் வெயிலில் தானாக மறைந்துவிடுமாம். நல்ல சாமான்தான் மாமி, அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கல்லுக்குப் பயந்து பிலிம் ஒட்டினார் அல்லவா? பிறகு பிலிமுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயப்படத் தொடங்கினார். எங்கள் மருதமுனை வீட்டு முற்றத்தில் காருக்குக் கூரை போட்டார். கூரைக்குள் நிற்கும் காருக்கு உறை போட்டார். உப்புக் காற்று என்று கடற்கரைப் பக்கம் போவதில்லை. காகம் எச்சமிடும் என்று பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் நிறுத்துவதில்லை. ஜும்ஆவுக்குச் சைக்கிளில் போகிறார். குடை வாங்கிவிட்டு, குடை நனைந்துவிடும் என்று வீட்டுக்குள் இருக்கிற மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவருக்குத் தினமும் சோறு போடுகிறேன்.

அன்று காலையில் உங்கள் மகன் போன் எடுத்தான். "மச்சி, உம்மா மவுத்தாப் பெய்த்தா. லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். கெதியா வாங்க."

என் உம்மா போன பிறகு, என் கல்யாணத்தில் தாயின் இடத்தில் நின்றது வாப்பாவின் தங்கையான நீங்கள்தானே? என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். இவர் "இன்னா லில்லாஹி" என்றார். அடுத்த மூச்சில் கேட்டார், "மாமிட ஊட்டுக்குப் போற ரோட்டு இன்னும் கிறவலாத்தான் கிடக்கா?"

மவுத்துச் செய்தி கேட்ட ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்த கேள்வி, மாமி! நம் ஊர்களில் மவுத்து வீட்டுக்கு வாகனம் தேவை என்றால் முன்பின் தெரியாதவனும் சாவியை நீட்டுவான். நான் ஓட்டோ பிடித்துப் போகிறேன் என்றேன். அதற்கும் விடவில்லை. "கார ஊட்ட வெச்சிக்கிட்டு ஓட்டோல போனா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

உறையைக் கழற்றி, சுருக்கம் விழாமல் மடித்து, காரைத் துடைத்து முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. வழியில் ஒரு டிப்பர் முன்னால் போனது. அதை முந்தவும் பயம், அதன் பின்னால் போகவும் பயம். டிப்பர் தூரப் போகட்டும் என்று ஒரு கடையில் காரை நிறுத்திப் பிளேன்ரீ குடித்தார். அப்போதுதான் உங்கள் மகன் திரும்பவும் போன் எடுத்து, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டான். "இந்தா வந்துட்டம்," என்றார். கையில் கோப்பை.

தார் முடிந்து கிறவல் கல் ரோட்டு தொடங்குகிற இடத்தில் காரை நிறுத்தி இறங்கினார். ஒரு கல்லைக் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"கூர்க் கல்லு புள்ள. இதுக்குள்ள கார இறக்கேலா."

"கல்லுக்குத்தானே அத ஒட்டினீங்க?"

"அதுக்காக? வேணுமெண்டு கொண்டுபோய் அடி வாங்குறதா? நீ நடந்து போ. நான் காரப் பாத்துக்கிட்டு நிக்கன்."

யானை வயலுக்குள் இறங்கினால் ஆண்களுக்கு முன்னால் வெடியைக் கொளுத்திக்கொண்டு போனவர் நீங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த மருமகன் ஒரு கைக்கல்லுக்குப் பயந்து தார் ரோட்டில் நின்றார்.

நான் நடக்கவில்லை மாமி, ஓடினேன். உங்கள் வாசலுக்கு வந்தபோது முற்றத்தில் ஆண்கள் ஒருவரும் இல்லை. சந்தூக்குப் பெட்டியில் உங்களை ஏற்றி, அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை. உங்களைக் குளிப்பாட்டிய தண்ணீர் இன்னும் காயாமல் கிடந்தது.

உங்கள் மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "உனக்காகத்தான் இவ்வளவு நேரமும் முகத்த மூடாம வெச்சிருந்தம்கா. இந்தா வந்துட்டம் எண்டாரே உன்ட மாப்பிள?"

நான் என்ன சொல்ல? வழியில் பிளேன்ரீ குடித்தோம் என்றா?

காரடிக்குத் திரும்பி வந்தபோது அவர் துணியால் பொனட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஜனாஸாத் தொழுகைக்குக்கூட வரவில்லை. அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், "அல்ஹம்துலில்லாஹ், ஒரு கல்லும் படல்ல."

அன்றிலிருந்து அவரோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறேன். பொத்துவிலில் அவருடைய உம்மாவும் வயதாகித் தளர்ந்து போயிருக்கிறார். நேற்றுக் கேட்டேன், "உங்கட உம்மா மவுத்தானாலும் ரோட்டு எப்பிடியெண்டு விசாரிச்சிட்டுத்தான் வெளிக்கிடுவீங்களா?" எழுந்துபோய்க் காரின் உறையை இழுத்துச் சரிசெய்தார். அவரை வெறுக்கலாம் என்று பார்த்தால், வெறுப்பதற்கும் அங்கே ஒரு ஆள் வேண்டுமே மாமி.

போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து, அந்தக் கிறவலை நடந்து கடந்து, மாமாவைப் பார்த்தேன். நீங்கள் இல்லாத வீட்டில் அவருக்குப் பேச்சு வற்றிப்போய்விட்டது. கண்ணும் சரியாகத் தெரியவில்லை. என் கன்னத்தைத் தடவி, "ஆரு, மச்சான்ட மகளா? ஆரும் மவுத்தா?" என்று பதறிப்போனார். ஒருவரும் மவுத்தில்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. சும்மா வருகிற பழக்கம் நம்மில் அவ்வளவுக்கு விட்டுப்போயிருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மாமி. வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் வருவேன். ஒருவர் மவுத்தானால்தான் வருவேன் என்று இனி மாமா நினைக்காத அளவுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே வந்துகொண்டிருப்பேன்.

துஆவுடன்,
உங்கள் காக்காவின் மகள்,
மருதமுனை