நீங்கள் கேட்ட பெயர்

அண்ணை,

இன்று காலை அருங்காட்சியகக் கூடத்துக்குள் கால் வைத்ததுமே அந்த வாசனை மூக்கில் ஏறியது. யாரோ கொடுத்த பழைய படைக் கூடாரம் ஒன்றைக் காட்சிக்கு வைப்பதற்காக விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். ஈரக் கித்தான் வாசனை. “இது மூக்குல பட்டாலே எனக்குப் பசிக்கும்மா. லாரிக்கு மேல கித்தான போட்டுகினு, கீழ குந்திகினு சோறு துன்ன வாசன” என்று ஒருமுறை சிரித்தீர்கள். எனக்கு அதே வாசனை வேறொன்று. இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கிய பிறகு அகதி முகாமில் நாங்கள் கூடாரத்துக்குள் கழித்த முதல் மழைக்காலம் அது. ஆவடி ஆலையில் அந்தத் துணியைத் தைத்த உங்கள் மனைவி சரோஜா அக்காவுக்கோ, விரலில் ஊசி ஏறிய வலி. மூவரும் ஒரே வாசனையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

உங்களை முதலில் பார்த்த நாள் நான் உங்களிடம் அன்பாக இருக்கவில்லை. போர்க்காலத்தில் வாழ்ந்தவர்கள் வந்து பேசும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அது. பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் குடியிருந்த அருங்காட்சியக ஒருங்கிணைப்பாளர் கெஞ்சிக் கேட்டதால் வந்திருந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஒரு பெரியவர், சிறுவயதில் விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிய கதையைச் சொன்னார். எல்லாரும் ரசித்தார்கள். அடுத்து நீங்கள் எழுந்து, கடல் தாண்டி இலங்கைக்குப் போன இந்தியப் படையில் லாரி ஓட்டியதாகச் சொல்லி, நான் பிறந்த ஊரின் பெயரைச் சொன்னீர்கள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வந்தீர்கள். கிட்டே வரவில்லை, தூண் அருகிலேயே நின்றீர்கள்.

“நீ அந்த ஊராம்மா?”

“ஓம். என்ர தம்பி அங்கதான் செத்தவன். வீட்டு முத்தத்தில விளையாடிக்கொண்டு நிண்டவன், ஷெல் விழுந்தது. ஆர் அடிச்சதெண்டு இண்டைக்கும் தெரியாது. நீங்கள் அடிச்சதோ?”

இல்லை என்று சொல்வீர்கள் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றோடு உங்களை மறந்திருப்பேன். தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

“என் வண்டில இன்னா ஏத்திகினு போனேன்னு எனக்குத் தெரியும்மா. அது எங்க போயி வுழுந்துச்சுன்னு தெரியாது. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வர்ல.”

பிறகு சில கூட்டங்களுக்கு நான் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை சமையல்கட்டிலும் பேருந்திலும் என்னோடு வந்தது. கடைசியில், உங்களுக்கு முன்னால் நின்றே என் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் திரும்பி வந்தேன். அன்றைக்கு ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தவர் நீங்கள். “நீ மொதல்ல பேசும்மா. நான் பேசிட்டா ஜனங்க கை தட்டிட்டு எழுந்து பூடுவாங்க” என்றீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் எனக்கு முன்பு நீங்கள் பேசியதில்லை.

ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “நம்ம படையைப் பத்தி இந்தம்மா இப்படியெல்லாம் பேசலாமா?” என்று குரலை உயர்த்தினார். நீங்கள் உட்கார்ந்தபடியே திரும்பினீர்கள். “சார், படையப் பத்தி நான் பேசிக்கிறேன். இந்தம்மா அவங்க ஊட்டப் பத்திப் பேசறாங்க. பேசட்டும்.” அவ்வளவுதான். அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து அவரையே தேடிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். திருவேற்காடு வழியாக வீட்டுக்குப் போக எனக்கு ஷேர் வேன் கிடைக்கும்வரை என்னோடு நின்றபோதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்களும் சமாதானம் சொல்லவில்லை. வேன் வந்ததும் “ஜன்னலாண்ட குந்து, காத்து வரும்” என்றீர்கள்.

நுரையீரலில் நீர் கோத்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தேன். சரோஜா அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டீர்கள்.

“இவ்ளோ நாளா தம்பி, தம்பின்றியே... அவன் பேரு இன்னாம்மா?”

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அம்மா கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிடுவார். அதனால் அவன் ‘தம்பி’ ஆனான். அம்மா போன பிறகும் வாய் பழகிவிட்டது. என் மகளுக்குக்கூட அவள் மாமாவின் பெயர் தெரியாது.

“ரூபன்” என்றேன்.

“ரூபன்” என்று திருப்பிச் சொன்னீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. “இருந்தா எங்க பெரியவன் வயசு இருக்கும்ல?”

“ஓம் அண்ணை. இருக்கும்.”

நாம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த வாரமே போய்விட்டீர்கள். கொரட்டூர் வீட்டு வாசலில், உங்கள் பழைய படைத்தோழர்களுக்கு நடுவே, எந்த இடத்தில் நிற்பதென்று தெரியாமல் நின்றேன். சரோஜா அக்காதான் வந்து கையைப் பிடித்து, “ஊட்டு மனுஷி வெளிய இன்னா நிக்கிற?” என்று உள்ளே கூட்டிப்போனார்.

இன்று நீங்கள் இல்லாத முதல் கூட்டம். சரோஜா அக்கா முன்வரிசையில், பக்கத்தில் என் மகள். படகைப் பற்றித் தொடங்க நினைத்தவள், வேறு எங்கோ தொடங்கினேன். “எனக்கொரு தம்பி இருந்தவன். அவன்ர பேர் ரூபன்.” மகள் நிமிர்ந்து பார்த்தாள். குரல் உடையும் என்று பயந்தேன். உடையவில்லை.

வீடு திரும்பும் வழியில், அம்மா அவனை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். எத்தனை முயன்றும் அந்தக் குரல் பிடிபடவில்லை. ரூபன் என்று நினைத்தாலே, ‘ரூ’வைக் கொஞ்சம் இழுத்து, மூச்சு வாங்கி, உங்கள் குரல்தான் கேட்கிறது. இனி என்னிடம் அவன் பெயர் அந்தக் குரலில்தான் இருக்கும்போல.

அது எனக்கு வலிக்கவில்லை, அண்ணை.