மீசைச் சீப்பும் ஒரு பருத்திச் செடியும்

ஜனவரி 8
எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநரம்மா இன்று கறாராகச் சொல்லிவிட்டார். "காயும் நிறைய இருக்கணும், இழையும் முப்பது மில்லிமீட்டரைத் தாண்டணும். அப்படி ஒரே ஒரு செடி காட்டுங்க. இல்லேன்னா அடுத்த பருவம் உங்க பருத்தி நிலம் சூரியகாந்திக்கு."
நானும் வருஷக்கணக்காக இதைச் சேர்த்து அதைக் கலந்து பார்க்கிறேன். காய்த்துத் தள்ளுகிறவளுக்கு இழை குட்டை. இழை நீண்ட மகராசிக்குக் காய் நாலே நாலு. இரண்டு குணமும் ஒரே வயிற்றில் பிறக்க மாட்டேன் என்கின்றன. நிலமும் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? சூரியகாந்தி ஆராய்ச்சி பண்ணுகிற சூரியகாந்திக்காரர் நடைபாதையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 11
வேலியோரத்துச் செடி ஒன்று காய்ப் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடக்கிறது. பஞ்சும் கைக்கு மெத்தென்று — பொறு, பொறு. அளந்துவிட்டு ஆடலாம்.

ஜனவரி 12
விதையில் ஒட்டியிருக்கும் பஞ்சை இரண்டு பக்கமும் படிய வாரிவிட்டுத்தான் இழையை அளக்க வேண்டும். ஆய்வகத்துச் சீப்பைக் காணோம். வீட்டுக்காரரின் மீசைச் சீப்பைச் சுட்டுக்கொண்டு போனேன்.
நாற்பத்தாறு! கடவுளே, நாற்பத்தாறு மில்லிமீட்டர்!
கதவைக்கூடத் தட்டாமல் இயக்குநர் அறைக்குள் பாய்ந்தேன். வயல் பக்கமே எட்டிப் பார்க்காதவர், என்னை முந்திக்கொண்டு ஓடினார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார், காய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆய்வகத்துக்கு வந்து விதையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.
"இது பஞ்சு இல்லைம்மா. முடி."
நரைத்த முடி. சீப்பிலிருந்து வந்த மீசை முடி! சூரியகாந்திக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மானம் கப்பலேறிவிட்டது.
வீட்டில் வந்து அழாத குறையாகச் சொன்னேன். "என் மீசை உலகத் தரம்னு இப்பவாவது ஒத்துக்கறியா?" என்று முறுக்கிக்கொள்கிறார். இந்த மனுஷனை என்னதான் பண்றது?

ஜனவரி 13
லீவு போட்டேன். காரணம்: தலைவலி. உண்மையான காரணம்: தலை காட்ட முடியவில்லை.

ஜனவரி 15
புதுச் சீப்பு. அதே செடியின் விதைகள். இயக்குநரம்மா எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு விதையாக வாரினேன். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. மறுபடியும் முப்பத்தொன்று.
"நிலம்...?" என்று இழுத்தேன்.
"முப்பத்தொண்ணுன்னு நீங்க ஒழுங்கா எழுதி அனுப்பியிருந்தா, அப்புறம் பாத்துக்கலாம்னு ஓரமா வெச்சிருப்பேன். வயலுக்கு வந்தே இருக்க மாட்டேன். அது காய்ச்சு நிக்கறதைக் கண்ணால பாத்துட்டேனே, இனிமே எப்படி வேண்டாம்னு சொல்றது?"
வெளியே வந்து யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு குதி குதித்தேன். சூரியகாந்திக்காரர் ஜன்னலில் நின்றிருந்தார்.

ஜூலை 20
அந்தச் செடியின் விதை முளைத்துவிட்டது! என் நிலத்தில், வரிசை வரிசையாக. மூச்சிரைக்க ஓடிப்போய் இயக்குநரம்மாவிடம் சொன்னேன்.
"ரொம்ப சந்தோஷம். எத்தனை முளைச்சிருக்கு?"
வந்த வேகத்திலேயே வயலுக்குத் திரும்பினேன். எண்ணாமலே ஓடி வந்திருக்கிறேன்.