மூன்று மணி வரை திரும்பிய குமிழ்

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

வீடு வந்து சேர ஏழாகிவிட்டது. கணுக்கால் வலி. செங்கம் சாலையில் ரேவதியின் காபிக் கடை முற்றத்தில் வழக்கம்போல் நாலு முதல் ஆறு வரை வாசித்தேன். ‘வாசித்தேன்’ என்று எழுதலாமா? இசைத்தட்டுகளைச் சுழலவிட்டேன் என்பதுதான் சரி. முப்பத்தேழு வருடமாக இந்தச் சந்தேகம் தீரவில்லை.

பதினான்கு தட்டுகள். வேகம் நிமிடத்துக்கு 118 தாள அடியில் தொடங்கி 124இல் முடிந்தது. ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருப்பவர்களும் உள்ளூர்க்காரர்களுமாக இருபது பேர் ஆடினார்கள்.

ஒன்று உறுத்துகிறது. ஹை-ஹாட் என்னும் ஜோடித் தாளத்தின் அந்த மெல்லிய ‘ட்ஸ்... ட்ஸ்’ துணியில் சுற்றிவைத்தாற்போல் கேட்கிறது. குமிழ்களின் நிலையைக் கடிகார முள்ளாக எண்ணி எழுதிவைப்பது என் பழக்கம். பன்னிரண்டு மணி என்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இன்று உச்ச ஒலிக்கான ட்ரெபிள் குமிழை இரண்டரை வரை திருப்பினேன். போதவில்லை.

இதை எழுதும்போது மனைவி அருணா வந்து நின்றாள். “இன்னாங்க, மூணு வாட்டி கூப்ட்டேன். டீ ஆறிப்போச்சு.”

எழுதுவதில் ஆழ்ந்திருந்தேன் போலும்.

18 ஆகஸ்ட், திங்கள்

முதல் நாள் நினைவுக்கு வந்தது. எண்பத்தெட்டு, பெங்களூரு. இயற்பியல் முதுகலை படித்துவிட்டு ஐந்து வருடம் டுட்டோரியலில் பாடம் எடுத்தேன். மூன்றாவது பெஞ்சைத் தாண்டி என் குரல் போனதில்லை. அதை விட்டு ஒரு ஓட்டல் டிஸ்கோவில் விளக்கும் ஒலிபெருக்கியும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். ஞாயிறு பகலில் கல்லூரி மாணவர்கள் ஆட வருவார்கள். ஒரு ஞாயிறு டிஜே வரவில்லை. மேலாளர் என் முதுகில் கைவைத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் தள்ளினார்.

சிகாகோவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் விட்டுப்போன தட்டு அங்கே கிடந்தது. உறையில் படம்கூட இல்லை. போட்டேன். ஒரே சீரான அடி, நாலு நாலாக. எட்டு நாலுக்கு ஒருமுறை ஏதோ ஒன்று வந்து சேர்கிறது, அல்லது ஒன்று விலகுகிறது. அவசரமே இல்லை. யாரும் முன்னால் நின்று கத்தவில்லை. என்னைப் போன்றவனுக்காகச் செய்தது என்று தோன்றியது. அந்த இசைவகையின் பெயர் ஹவுஸ் என்பதே ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கூண்டுக்குள் இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் சொன்னபடி அறை முழுக்க அசைகிறது. வேறு எங்கே எனக்கு அது கிடைத்தது?

21 ஆகஸ்ட், வியாழன்

காதை ஒருதரம் காட்டிவிட்டு வரச் சொல்கிறாள் அருணா. பார்க்கலாம் என்றேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ட்ரெபிள் மூன்று மணி. இன்னும் மங்கல்தான்.

இடையில் ரேவதியிடம் கேட்டேன்: “சத்தம் சரியா இருக்காம்மா?”

“சூப்பர் சார். டீ அனுப்பவா?”

சொல்லிவிட்டு மணிவேலைப் பார்த்தாள். மணிவேல் எனக்குக் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியிலிருந்து தோழன். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறான். இந்த முற்றத்தில் நிற்கும் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அவனுடையவை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதற்கு அந்தப் பார்வை? நான்தான் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறேனோ?

30 ஆகஸ்ட், சனி

என் காதில் குறையில்லை! இதைப் பெரிய எழுத்தில் எழுதத் தோன்றுகிறது.

கடையில் கூட்டமில்லாத பதினோரு மணிக்குப் போய் இரண்டு பெட்டிகளின் பின்பலகையையும் கழற்றினேன். உச்ச ஒலியைத் தருவது ட்வீட்டர் என்னும் சிறிய ஸ்பீக்கர். இரண்டு பெட்டியிலும் அதற்குப் போகும் ஒயர் இணைப்பு விட்டுக் கிடந்தது. நுனியில் கறுப்பு டேப். எப்போதோ பழுது பார்த்தபோது மணிவேல் மாட்ட மறந்திருக்கிறான்! இணைத்தேன். பலகையைப் பழையபடி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. தொழில்காரனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாது. நாளை கேட்கும்போது அவனே புரிந்துகொள்வான்.

அவிழ்த்த டேப்பை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

என்ன எழுத.

குமிழ் போன வாரம்போலவே மூன்று மணியில். முதல் தட்டு. நாற்பது நொடி அடி மட்டும், பிறகு ஹை-ஹாட் உள்ளே வந்தது. கேட்டது. எனக்குக் கேட்டது! ஒரு வருடமாகத் தேடிய ஒலி, தெளிவாக, சரியான அளவில். தலையைத் தூக்கினேன். எல்லோரும் மகிழ்ச்சியில் கையைத் தூக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. அதன் அம்மா வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் அப்படியே குந்திவிட்டார். மணிவேல் ஓடிவந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தான்.

“டேய் கோதண்டம், ட்வீட்டரை யார்டா சேத்தது?”

“நாந்தான். நீ மாட்ட மறந்துட்டேன்னு...”

அவன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு அது சரியாக இருந்தது. அதுதான். எனக்கு அது ரொம்பச் சரியாக இருந்தது.

1 செப்டம்பர், திங்கள்

முன்பக்கம் ஒட்டிய டேப்பைப் பார்க்கிறேன். நுனி மடித்திருக்கிறது. பின்னால் எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நுனியை மடித்து ஒட்டுவது மணிவேல் வழக்கம். மறதியில் விட்ட ஒயருக்கு யாராவது டேப் சுற்றி, நுனியும் மடிப்பார்களா? இது சனிக்கிழமையே என் கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். சென்ற வருடம் ஜனவரி: பன்னிரண்டு. ஜூன்: பன்னிரண்டரை. தீபாவளி ஞாயிறு: ஒன்றரை. இந்த வருடம் பிப்ரவரி: இரண்டு. ஒவ்வொன்றும் என் கையெழுத்து, தேதியோடு. எழுதினேன், படிக்கவில்லை. ஹெட்போனிலும் மங்கலாகத்தான் கேட்டது. ஹெட்போன் பழசு என்று சொல்லிக்கொண்டேன்.

ஏன் யாருமே சொல்லல? நான் கேட்டேனே. வாய்விட்டுக் கேட்டேனே —

கேட்டேனா? “சரியா இருக்கா” என்று கேட்ட முகத்தில், இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

4 செப்டம்பர், வியாழன்

வேலூர் போய்க் காதைச் சோதித்தோம். கீழ் ஒலிகள் பரவாயில்லை. மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே வரைபடத்தின் கோடு படிக்கட்டில் உருண்டதுபோல் விழுகிறது. இடது காது இன்னும் மோசம். “வயசும் இருக்கு, ஜாஸ்தி சத்தத்துல நின்னதும் இருக்கு. கருவி வெச்சா பேச்சு நல்லா கேக்கும். பாட்டு பழைய மாதிரி இருக்காது” என்றார் டாக்டர். சின்ன வயது. கனிவாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் அருணா பேசவில்லை. அல்லது பேசி, எனக்குக் கேட்கவில்லை.

ரேவதிக்கு நின்றுகொள்கிறேன் என்று செய்தி எழுதினேன். நாலு முறை அடித்து எழுதிய பிறகு இரண்டு வரி மிஞ்சியது. அனுப்பிவிட்டேன். தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி மூடினேன். அசதி. வேறொன்றும் இல்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

பௌர்ணமி. சாலை நிறையக் கிரிவலக் கூட்டம். எப்படியும் இன்று முற்றத்தில் ஆட்டம் கிடையாது.

கூட்டத்தில் நீந்தி மணிவேல் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஆரம்பித்தான்.

“ரெண்டு வரி அனுப்பிட்டு ஊட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கினா ஆச்சா? பத்தாவதுல லீவ் லெட்டர் எழுதின மாதிரியே எழுதிக்கிறே.”

“எத்தினி மாசமா கழட்டி வெச்சிருந்தீங்க?”

“மார்ச்சுலேர்ந்து. ஜனங்க காதைப் பொத்திக்கினு போறாங்கன்னு ரேவதி அழுவாத குறை. நாந்தான் கழட்டினேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“எப்படிடா சொல்றது? வாரத்துல அந்த ரெண்டு மணி நேரந்தான் நீ தலை நிமிந்து நிக்கிறே. அதுல கை வைக்கச் சொல்றியா?”

சமையலறையிலிருந்து அருணா, கையில் கரண்டியோடு:

“அவருக்குக் கேக்கலைன்னா எனக்குக் கேக்குதே. நான் வந்து உக்காந்தா ஆவாதா?”

கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் ஒருநாள்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை. ‘டும்டும்’ என்றுதான் அதற்கு அவள் வைத்த பெயர்.

“ஒனக்கு ஹை-ஹாட்னா தெரியுமா?” என்றேன்.

“தெரியாது. காது வலிச்சா தெரியும்.”

மணிவேல் சிரித்த சிரிப்பு எனக்கே நன்றாகக் கேட்டது.

14 செப்டம்பர், ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் மூன்று மணி வரை இருந்தேன். அருணா புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோவையும் கூப்பிட்டுவிட்டாள்.

முற்றத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் அவள், மடியில் கைப்பை, கையில் ஓலை விசிறி. விசிறியைத் தூக்கினால் கூட்ட வேண்டும், தாழ்த்தினால் குறைக்க வேண்டும். குமிழைப் பன்னிரண்டில் வைத்தேன். எனக்கு மேலொலி இல்லை. இடது உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து அடியை மட்டும் பிடித்துக்கொண்டேன். இரண்டு இடங்களில் ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது அடி தவறியது. ஒரு காலத்தில் அதற்காக ஒரு வாரம் தூங்காமல் இருந்திருப்பேன். அன்று வீறிட்ட குழந்தையின் அம்மா வரவில்லை. பன்னிரண்டு பேர்தான் ஆடினார்கள். ஆனால் யாரும் கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை.

ஆட்டோவில் கேட்டேன்: “அந்த ‘ட்ஸ்’ எப்படி இருந்தது?”

யோசித்தாள். என் வலது காதுப் பக்கம் நகர்ந்து சொன்னாள்.

“மொறத்துல அரிசி பொடைக்கிற மாதிரி. ஆனா பொடைக்கிறவ அவசரமே படல.”

முப்பத்தேழு வருடத்தில் யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

பதினைந்து தட்டுகள். 118 முதல் 124. முழங்கால் வலி, மாத்திரை ஒன்று. குழந்தையும் அம்மாவும் வந்திருந்தார்கள், வாசல் ஓரமாகவே நின்றார்கள்.

ட்ரெபிள்: பன்னிரண்டு. நாலாவது தட்டில் விசிறி தாழ்ந்தது, பதினொன்றரை. ஏழாவதில் உயர்ந்தது, மீண்டும் பன்னிரண்டு.

பதினொன்றாவது தட்டு பெங்களூருவில் படமில்லாத உறையில் கிடந்த அதே தட்டு. ஹை-ஹாட் வரும் இடத்தை எண்ணி வைத்திருந்தேன். வந்திருக்கும். விசிறிக்காக நிமிர்ந்து பார்த்தேன். நாற்காலியில் கைப்பை இருந்தது, கீழே செருப்பு இருந்தது. அவள் இல்லை. ஆடுகிறவர்களுக்கு நடுவே ஒரு புடவைத் தலைப்பு சுழன்றது.

குமிழைத் தொடாமல் விட்டேன்.